மானி காட்டும் அமுக்கத்திலிருந்து எஞ்சினின் கொம்பிரஷன் விகிதத்தைக் கணிக்கும் முறை

திருகோணமலையில் கைமாறும் பழைய மோட்டார் சைக்கிள்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் ஹெட் எத்தனை முறை சீவப்பட்டது, எந்தத் தடிப்பில் கஸ்கற் போடப்பட்டது என்பதெல்லாம் பெரும்பாலும் விற்பவருக்கே தெரிந்திருப்பதில்லை. அத்தகைய எஞ்சினுக்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 வேண்டுமா என்று தீர்மானிப்பதற்குக் கொம்பிரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதன்மேலுள்ள கனவளவு உச்சியில் நிற்கும்போதுள்ளதைப்போல் எத்தனை மடங்கு என்பது, ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றாமல் அமுக்கமானியைக் கொண்டே அதைக் கணிக்கலாம். ஆனால் மானியின் எண்ணை வளிமண்டல அமுக்கத்தால் நேரே வகுத்து, வரும் விடையையே விகிதமென்று கொள்வது தவறு. நெருக்கப்படும் காற்று சூடேறுவதால், கனவளவு எட்டில் ஒன்றாகக் குறையும்போது அமுக்கம் எட்டு மடங்கோடு நில்லாமல் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்குவரை உயர்ந்துவிடும்.

முதலில் மானியைப் பார்க்க வேண்டும். அதன் ஒருவழி வால்வு, ஹோஸின் பிளக் முனையிலேயே அமைந்திருப்பது அவசியம். வால்வு மானியின் பக்கம் இருந்தால் ஹோஸின் உட்கனவளவு முழுவதும் எரியறையோடு, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன்மேல் எஞ்சும் இடத்தோடு, சேர்ந்துவிடும். 50 மி.மீ. விட்டமும் 49.5 மி.மீ. அடிப்பும் (பிஸ்டன் ஒருமுறை ஓடும் தூரம்) கொண்ட 97.2 சி.சி. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். விகிதம் 9 ஆனால் எரியறையின் கனவளவு 12.15 சி.சி. மட்டுமே. 5 மி.மீ. உள்விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள ஹோஸ் அதனுடன் ஏறத்தாழ 5.9 சி.சி.யைக் கூட்டுவதால், எஞ்சின் 6.4 விகிதம் உள்ளதுபோல் நடந்துகொள்ளும். பெரிய கார் எஞ்சினில் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது. சிறிய எஞ்சினில் கணிப்பையே பாழாக்கிவிடும்.

எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, எல்லா ஸ்பாக் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறி எழாதவாறு இக்னிஷனைத் துண்டிக்க வேண்டும். பெற்றோல் வரும் வழியையும் அடைத்துவிடுவது நல்லது. அக்சிலேற்றரை முழுமையாகத் திறந்து பிடித்தபடி, மானியின் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்டாட்டரால் சுழற்ற வேண்டும், அல்லது கிக்கரை உதைக்க வேண்டும். பற்றரி தளர்ந்திருந்தால் சுழற்சி மெதுவாகி, காற்று கசியவும் வெப்பத்தை இழக்கவும் கூடுதல் நேரம் கிடைப்பதால் எண் குறையும். சில எஞ்சின்களின் கேம் தண்டிலுள்ள தானியங்கி டீகொம்பிரஷர், சுழற்றும்போது வால்வைச் சற்றுத் திறந்து வைத்திருக்கும். அவற்றில் இந்த அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

மானி 170 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) காட்டுகிறது என்று கொள்வோம். மானியின் பூச்சியம் வளிமண்டல அமுக்கத்திலிருந்து தொடங்குவதால், கடல்மட்டத்திலுள்ள திருகோணமலையில் அதனுடன் 14.7 ஐக் கூட்ட வேண்டும். 184.7 ஐ 14.7 ஆல் வகுக்க 12.56 வரும். அமுக்க விகிதம் என்பது கனவளவு விகிதத்தின் ஓர் அடுக்கு. வெப்பம் சற்றும் வெளியேறாத நிலையில் காற்றுக்கு அந்த அடுக்கு 1.4, சுழற்றும்போது வெப்பமும் காற்றும் இழக்கப்படுவதால் நடைமுறையில் 1.2 முதல் 1.3 வரை எடுத்துக்கொள்ளலாம். 1.25 என்று வைத்தால், 1 ஐ 1.25 ஆல் வகுக்க வரும் 0.8 ஆம் அடுக்குக்கு 12.56 ஐ உயர்த்த 7.57 கிடைக்கும். கைத்தொலைபேசியிலுள்ள விஞ்ஞானக் கணிப்பானே இதற்குப் போதும். 1.2 ஆனால் 8.24, 1.3 ஆனால் 7.0. இதே எஞ்சினை ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுசென்றால் மானி 135 அளவில்தான் நிற்கும், அங்கே 14.7 ஐக் கூட்டக் கூடாது, 11.7 ஐயே கூட்ட வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் 7.57, கைநூலில் அச்சிடப்பட்டுள்ள விகிதத்துக்குச் சமமானதன்று. பிஸ்டன் அடிமட்டத்தைக் கடந்து மேலேறத் தொடங்கிய பின்னரே உள்ளெடுப்பு வால்வு மூடுவதால், அதுவரை காற்று நெருக்கப்படுவதில்லை. வால்வு அடிமட்டத்துக்குப் பின் 50 பாகையில் மூடுகிறது என்றும், பிஸ்டனைக் கிராங் தண்டோடு இணைக்கும் கொன்ரொட்டின் நீளம் அடிப்பைப்போல் 1.75 மடங்கு என்றும் கொண்டால், நெருக்கலுக்கு எஞ்சுவது அடிப்பின் 86 சதவீதம். எனவே 7.57 இலிருந்து 1 ஐக் கழித்து, 0.864 ஆல் வகுத்து, மீண்டும் 1 ஐக் கூட்ட 8.6 வரும். மேற்கூறிய இரு எல்லைகளையும் இப்படியே மாற்றினால் 7.9 இலிருந்து 9.4 வரை விரியும். பெற்றோலைத் தெரிவுசெய்ய இந்த இடைவெளி மிக அதிகம்.

அடுக்கை ஊகிக்காமல் அளந்தே பெறுவதுதான் என் பார்வையில் சரியான வழி. ஏறத்தாழ அதே அளவுள்ள, விகிதம் ஐயமின்றித் தெரிந்த, நல்ல நிலையிலுள்ள ஓர் எஞ்சினை அதே மானியால், அதே விதமாகச் சோதிக்க வேண்டும். வால்வு மூடும் பாகையும் ஒத்திருந்து, 9 விகிதமுள்ள அந்த எஞ்சின் 160 காட்டினால், அதன் பயன்படு விகிதம் (வால்வு மூடிய பின் உண்மையில் நெருக்கப்படும் விகிதம்) 7.91, அமுக்க விகிதம் 11.88, 11.88 இன் மடக்கையை 7.91 இன் மடக்கையால் வகுக்க அடுக்கு 1.20 என வரும். அந்த அடுக்கை நம் எஞ்சினுக்கு இட்டால் விடை 9.4. மானியின் சிறு பிழையும் கிக்கரை உதைப்பவரின் வேகமும் பெரும்பாலும் இந்த 1.20 இலேயே அடங்கிவிடுகின்றன.

ரிங் தேய்ந்த எஞ்சினில் இக்கணிப்பு செல்லாது. பிளக் துவாரத்தின் வழியே சிறிது எண்ணெய் விட்டதும் எண் வெகுவாக உயர்ந்தால் ரிங் கசிகிறது என்று பொருள்; எண்ணெயும் எரியறையில் இடம் பிடித்துக்கொள்வதால், உயர்ந்த அந்த எண்ணைக் கணக்கில் இடலாகாது. வள்ளங்களில் பூட்டப்படும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் புகைத்துவாரம் மூடிய பின்னரே நெருக்கல் தொடங்குவதால், வால்வு மூடும் பாகைக்குப் பதிலாக அத்துவாரத்தின் மேல்விளிம்பை அளந்து எடுக்க வேண்டும். டீசல் எஞ்சினில் பெற்றோல் மானியைப் பூட்டவே கூடாது. அதன் அமுக்கம் 400 பிஎஸ்ஐயையும் தாண்டக்கூடும்.