புகைப்படத்தில் விழுந்த கண்கூசும் ஒளியை நீக்கும் முறை

மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்த ஃபிளாஷ், சட்டமிட்ட படத்தின் மேல் விழுந்த ஜன்னலின் பிம்பம், நெற்றியிலும் மூக்கிலும் தெரியும் பளபளப்பு, சூரியனை நோக்கி எடுத்ததால் படம் முழுவதும் பரவிய வெளிறல் ஆகிய அனைத்தும் பார்ப்பதற்கு ஒரே வகைக் குறையாகத் தோன்றினாலும் அவற்றைச் சரிசெய்யும் வழிகள் வேறுவேறானவை. கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த ஒளிக்கு அடியில் படத்தின் விவரம் இன்னும் இருக்கிறதா, அல்லது முற்றிலும் அழிந்துவிட்டதா?

இதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை. சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகப் பதிவாகிறது. போட்டோஷாப்பின் இன்ஃபோ பேனலைத் திறந்து வெளிச்சமான இடத்தின் மேல் சுட்டியை வைத்தால் அந்த எண்கள் தெரியும். ஜிம்ப் மென்பொருளில் கலர் பிக்கர் கருவியால் அவற்றைப் பார்க்கலாம். மூன்றும் 255 என்று இருந்தால் அங்கே மீட்பதற்கு எதுவும் இல்லை. 250, 243, 236 என்பதுபோல் வேறுபட்டிருந்தால் விவரம் மங்கலாகவேனும் மிஞ்சியிருக்கிறது. படத் திருத்த மென்பொருளான லைட்ரூமின் டெவலப் பகுதியில் ஜே விசையை அழுத்தினால், எல்லை கடந்து வெளுத்துப்போன இடங்கள் சிவப்பாகக் காட்டப்படும். கேமராவின் ரா கோப்பு (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கையில் இருந்தால் கட்டாயம் அதிலிருந்தே தொடங்குங்கள். ஜேபெக்கைவிட நுணுக்கமாக, 12 அல்லது 14 பிட்டில் பதிவான அக்கோப்பில், ஜேபெக்கில் வெள்ளையாகத் தெரியும் இடங்களிலும் விவரம் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

விவரம் மிஞ்சியிருக்கும் இடத்தில் பலரும் உடனே, வெளிச்சமான பகுதிகளை மட்டும் மாற்றும் ஹைலைட்ஸ் ஸ்லைடரைக் குறைக்கிறார்கள். அது பயன்படும், ஆனால் போதாது. அதற்கான காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கண்ணாடிப் பரப்பில் தெறித்து வரும் ஒளி, அடியில் உள்ள காட்சியின் ஒளியோடு கூடுதலாகச் சேர்கிறது. வெளிச்சமான பகுதியோடு அது சேர்ந்தால் மாற்றம் அதிகம் தெரிவதில்லை. கருமையான பகுதியோடு சேரும்போதோ கருமை சாம்பலாகிவிடுகிறது, அதனால் அந்த இடத்தின் கான்ட்ராஸ்ட்டும் நிறச்செறிவும் சேர்ந்தே குறைகின்றன. ஆகவே, சேர்ந்த ஒளியைக் கழிப்பதே சரியான திருத்தம். ஒளி விழுந்த இடத்தை லாஸ்ஸோ கருவியால் தளர்வாகத் தேர்ந்தெடுத்து, அதன் விளிம்பை ஃபெதர் மூலம் நன்றாக மென்மையாக்கி, கர்வ்ஸ் லேயர் (வளைகோட்டால் வெளிச்சத்தை மாற்றும் ஓர் அடுக்கு) ஒன்றைச் சேர்த்து, வளைகோட்டின் இடது கீழ்முனையை மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். கருமை திரும்பக் கருமையாகும்போது அடியில் இருந்த வடிவங்களும் மேலே வரும். தெறித்த ஒளிக்கு ஒரு நிறம் இருந்தால், உதாரணமாக வானத்தின் நீலம் படிந்திருந்தால், நீல நிறத்தை மட்டும் மாற்றும் நீலச் சேனலில் அந்த முனையைச் சற்றுக் கூடுதலாக நகர்த்த வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஹைலைட்ஸைக் குறைத்தால் அது உண்மையிலேயே உதவும். திருத்தம் பெரிதாக இருக்கும் என்று தோன்றினால், நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரியாமலிருக்கத் தொடக்கத்திலேயே படத்தை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படம் முழுவதும் பரவிய வெளிறலுக்கும் இதே கணக்குத்தான். போட்டோஷாப்போடு வரும் கேமரா ராவிலும் லைட்ரூமிலும் உள்ள, வெளிறலைக் குறைக்கும் டிஹேஸ் ஸ்லைடர் பெரும்பாலும் போதும். நிறங்கள் அளவுக்கு மீறி அடர்ந்தால் சாச்சுரேஷனைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம்.

விவரம் அழிந்துபோன இடத்தில் எந்த ஸ்லைடரும் உதவாது. வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறும், அவ்வளவுதான். அது முன்பிருந்ததைவிட அசிங்கமாக இருக்கும். அங்கே பக்கத்திலிருந்தோ வேறொரு படத்திலிருந்தோ விவரத்தைக் கடன் வாங்கியாக வேண்டும். முகத்தின் பளபளப்புக்கு, புதிய வெற்று லேயர் ஒன்றை உருவாக்கி, அந்த லேயரின் மோடை டார்க்கன் என்றும், ஓரிடத்தை நகலெடுத்து மற்றோரிடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப் கருவியின் ஓபாசிட்டியை (ஒளிபுகாமையை) 20 சதவீத அளவிலும் வைத்து, கீழுள்ள லேயரையும் சேர்த்து மாதிரி எடுக்குமாறு அமைத்து, அருகிலுள்ள நல்ல தோலிலிருந்து சிறிது சிறிதாகப் பூசுங்கள். டார்க்கன் மோடில் மாதிரியைவிட வெளிச்சமான பிக்சல்கள் மட்டுமே மாறுவதால் மற்ற இடங்கள் கெடுவதில்லை. பளபளப்பை முழுவதும் துடைத்துவிடாதீர்கள்; மூக்கின் மேல் ஒரு கீற்று ஒளிகூட இல்லாத முகம் தட்டையாகத் தெரியும். ஹீலிங் பிரஷ்ஷைத் திட்டின் ஓரத்தில் பயன்படுத்துவதையும் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது சுற்றியுள்ள வெளிச்சத்தோடு கலந்து சரிசெய்ய முயல்வதால் வெள்ளையை உள்ளே இழுத்துவிடும்.

மூக்குக் கண்ணாடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ படிந்த நிறம் மட்டுமே சிக்கல் என்றால், நிறத்தை மட்டும் மாற்றும் கலர் மோடில் ஒரு லேயரை வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் பூசினால் தீர்ந்துவிடும். கண்ணே மறைந்திருந்தால், அதே நேரத்தில் எடுத்த வேறொரு படத்திலிருந்து அந்தக் கண்ணை எடுத்துப் பொருத்துவதே சிறந்தது. அப்படி ஒரு படம் இல்லாமல், முகமும் பார்வையும் நேராக இருந்தால், மறு கண்ணை நகலெடுத்து இடவலமாகத் திருப்பி வைக்கலாம். ஆனால் கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளி அப்போது எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், அதை அழித்து உரிய இடத்தில் வைக்காவிட்டால் பார்வை இயல்பாக இருக்காது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் பழைய படத்தை நகலெடுக்கிறீர்கள் என்றால், திருத்துவதில் மணிக்கணக்காகச் செலவிடுவதைவிட, வெளிச்சம் வெவ்வேறு இடத்தில் விழுமாறு மீண்டும் இரண்டு படங்கள் எடுத்துவிடுங்கள். போட்டோஷாப்பில் இரண்டையும் லேயர்களாக வைத்து ஆட்டோ அலைன் லேயர்ஸ் கட்டளையைக் கொடுத்து, மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் (லேயரின் சில பகுதிகளை மறைக்க உதவும் திரை) சேர்த்து, ஒளி விழுந்த இடத்தில் கறுப்பு நிறத்தைப் பூசினால் கீழேயுள்ள தெளிவான பகுதி தெரியும். ஜிம்ப்பில் மேல் லேயரை, இரண்டு லேயர்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் மோடில் வைத்து, படம் கூடியவரை கறுப்பாகும் வரை கையால் பொருத்திவிட்டு, மோடை மறுபடி நார்மலாக்கி மாஸ்க் சேர்க்கலாம். கூகுள் 2016இல் வெளியிட்ட போட்டோஸ்கேன் செயலியும் பல கோணங்களில் எடுத்த படங்களை இணைத்தே ஒளியை நீக்குகிறது. இப்படி இணைத்துப் பெறும் விவரம் அனைத்தும் உண்மையானது என்பதால், எல்லா முறைகளிலும் பல படங்களை இணைக்கும் இம்முறையையே நான் மிகவும் நம்புகிறேன்.

போட்டோஷாப்பில் 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில், சுவர், புல், வானம் போன்ற பின்னணிகளை அழகாக நிரப்பித் தரும். ஆயினும் அது அடியில் இருந்ததை மீட்பதில்லை, இருந்திருக்கக்கூடியதைப் புதிதாக வரைகிறது. ஆவணத்தின் எழுத்துகளிலோ காலமானவர் ஒருவரின் முகத்திலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே மறைந்த பகுதியை மறைந்ததாகவே விட்டுவைப்பது நேர்மையானது.

பூசி நிரப்பிய இடம் வழவழப்பாகவும் சுற்றுப்புறம் நுண்மணிகளோடும் இருந்தால் அது திருத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அந்த லேயருக்கு மட்டும் நுண்மணிகளைச் சேர்க்கும் நாய்ஸ் ஃபில்ட்டரைச் சிறிதளவு கொடுத்து, படத்தை 100 சதவீத அளவில் பார்த்துச் சரிபார்த்த பின், லேயர்கள் கலையாமல் போட்டோஷாப்பில் பிஎஸ்டி அல்லது ஜிம்ப்பில் எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமித்து, பகிர்வதற்கு மட்டும் தனியே ஒரு ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள்.