டோராடோரா பாக்க உக்காரும்போது நாம பண்ற தப்புங்க

ஸ்கூல்ல நடக்கற லவ் காமெடி அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், எதாவது சொல்லுனு கேட்டா பத்துல நாலு பேராவது டோராடோரானுதான் சொல்லுவாங்க. 2008 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2009 மார்ச்ல முடிஞ்சது, ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டுடியோ எடுத்தது, மொத்தம் 25 எபிசோட். ஆனா பாருங்க, ஆரம்பிக்கறவங்கள்ல பாதி பேர் ரெண்டாவது எபிசோட்லயே ஓடிடறாங்க, மீதி பேர் முழுசா பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ங்கறாங்க. நான் மொத தடவ ஓடுன கூட்டம், ரெண்டாவது தடவ பில்டப்பு கூட்டம், மூணாவது தடவதான் உருப்படியா பாத்தேன். அதனால தைரியமா எழுதறேன்.

பெரிய தப்பு என்னன்னா, எப்படா சேருவாங்கனு எபிசோட் எண்ணிக்கிட்டே பாக்கறது. ஹீரோ ர்யூஜிக்கு மினோரி மேல லவ், ஹீரோயின் டைகாவுக்கு கிடாமுரா மேல லவ், மினோரி டைகாவோட தோழி, கிடாமுரா ர்யூஜியோட நண்பன், சரி நீ எனக்கு ஹெல்ப் பண்ணு நான் உனக்கு பண்றேன்னு ரெண்டும் டீல் போடுதுங்க. இத கேட்டதுமே கத எங்க போகும்னு சின்ன பிள்ளைக்கே தெரிஞ்சிடும், அப்ப சஸ்பென்ஸ்ன்னு அதுல ஒண்ணும் இல்ல. பாக்க வேண்டியது வீட்ட. ர்யூஜி வீடு சின்ன வாடக வீடு, தெற்கு பக்கம் பெரிய அபார்ட்மென்ட் ஒண்ண கட்டி வெயிலே வராம பண்ணிட்டாங்க, அதனால பூஞ்ச புடிக்குது, இவன் குச்சில துணிய சுத்தி மூல மூலயா தேய்ச்சுக்கிட்டே இருப்பான். அம்மாவுக்கு ராத்திரி பார்ல வேல. அந்த வெயில மறைச்ச அபார்ட்மென்ட்லதான் டைகா தனியா இருக்கா, அப்பன் காசு மட்டும் குடுத்து ஒதுக்கி வச்ச பொண்ணு, சிங்க்ல பாத்திரம் நாறிக்கெடக்கும். இவன் அங்க மொத தடவ போனப்ப பொறுக்க முடியாம கிச்சன தேய்ச்சு கழுவ ஆரம்பிச்சிடறான் பாருங்க, எனக்கு லவ் சீன்னா அதுதான். அப்புறம் அவ தெனம் அவங்க வீட்டுக்கு வந்து சாப்புடறா, ஏன் வந்தன்னு யாரும் கேக்கறதில்ல, சாப்பாடு போட்டு குடுக்கறான், அவ்ளோதான். ஜோடி சேந்து டூயட் பாடும்னு காத்திருக்கறவங்க இத "ஒண்ணுமே நடக்கல"ன்னு தள்ளி விட்டுடறாங்க.

அடுத்தது, டைகாவ பாத்ததும் "ஓ, ட்சுண்டெரே"னு, அதாவது வெளிய எரிஞ்சு விழுந்து உள்ள பாசமா இருக்கற டைப்புனு, ஒரு லேபிள ஒட்டி வேலைய முடிச்சுக்கறது. ஒண்ண ஒத்துக்கறேன், எடுத்ததுக்கெல்லாம் அடிக்கற காமெடி இன்னிக்கு பாத்தா கடுப்பாதான் இருக்கு, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா மொத எபிசோட கொஞ்சம் நிதானமா பாருங்க. கிடாமுரா பைல வைக்க வேண்டிய லவ் லெட்டர டைகா தப்பா ர்யூஜி பைல வச்சிட்டு, அத மறைக்க ராத்திரி மரக்கத்தியோட வீடு புகுந்து அடிக்க வரா, கடைசில பாத்தா கவர் உள்ள லெட்டரே இல்ல, அடிக்க வந்தவ பசில மயங்கி விழறா, இவன் ஃப்ரைட் ரைஸ் பண்ணி போடறான். அந்த பொண்ணு யாருன்னு மொத்தமும் அதுல இருக்கு.

சப்டைட்டில மட்டும் படிச்சிட்டு காத மூடிக்கறதும் தப்புதான். ஜப்பான் ஸ்கூல்ல சாதாரணமா குடும்ப பேரதான் சொல்லி கூப்புடுவாங்க. ர்யூஜி தான் உருகற மினோரிய "குஷியேடா"ன்னுதான் கூப்புடறான், அவ இவன "தகாசு-குன்"ங்கறா (குன்னா பசங்க பேருக்கு பின்னாடி சேக்கற மரியாத ஒட்டு), டைகாவும் தான் உருகற ஆள "கிடாமுரா-குன்"னு மரியாதையாத்தான் சொல்றா. ஆனா இவங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே "டைகா", "ர்யூஜி"னு ஆயிட்டாங்க. நம்ம ஊர்ல ஒருத்தங்க கிட்ட நீங்க வாங்கன்னு பேசிட்டு இன்னொருத்தங்க கிட்ட வாடி போடான்னு பேசற மாதிரி, யாருக்கு யாரு நெருக்கம்னு வாய் முன்னாடியே சொல்லிடுது, மனசுக்குதான் லேட்டா தெரியுது. சொல்ல மறந்துட்டேன், தலைப்பே பேர்லதான் இருக்கு, மொத டோரா (tora) ஜப்பான் மொழில புலி, ரெண்டாவது டோரா (dora) டிராகன அவங்க சொல்ற "டோராகன்"னோட மொத பாதி. டைகா டைகர், ர்யூன்னா டிராகன். ஜப்பான்ல புலியும் டிராகனும் சரிசமமான ஜோடி.

நடுவுல வர காமெடி எபிசோட ஃபில்லர், சும்மா இடத்த ரொப்ப போட்டதுன்னு நெனச்சு ஓட்டி விடாதீங்க, ஒன்றரை ஸ்பீடு வேற வைக்கறாங்க சில பேர். கோட லீவுல எல்லாரும் கடற்கரை பங்களாவுக்கு போவாங்கல்ல, அங்க ராத்திரி மினோரி ர்யூஜி கிட்ட பேய நம்புவியான்னு கேட்டு, எல்லாரும் பாத்தேங்கறாங்க, எனக்கு மட்டும் கண்ணுல படவே இல்ல, என்னிக்காவது பாக்கணும்னு ஆசங்கற மாதிரி பேசுவா. அவ பேய பத்தி பேசல, லவ்வ பத்தி பேசறா. கிறிஸ்துமஸ் வர 19வது எபிசோட்ல அந்த பேச்சு திரும்ப வரும், முன்னாடி ஓட்டி விட்டவங்க "இப்ப எதுக்கு பேய் பத்தி பேசுது"ன்னு முழிச்சிட்டு உக்காந்திருப்பாங்க, பக்கத்துல ஒருத்தன் அழுதுட்டு இருப்பான்.

ஆமிய வில்லின்னு முடிவு கட்டாதீங்க. மாடலிங் பண்ற பொண்ணு, வெளிய ஒரு சிரிப்பு உள்ள ஒரு கொணம், ஆனா மத்த நாலு பேரும் தங்கள தாங்களே ஏமாத்திக்கறத முழுசா பாக்கறது அவ மட்டும்தான். ரெண்டு வெண்டிங் மெஷின் நடுவுல இருக்கற சந்துல போய் குந்திக்கிட்டு இருப்பா பாருங்க, அந்த சீன்லாம் வந்தா போன கீழ வச்சிருங்க.

கூகுள்ல எந்த கேரக்டர் பேரையும் தட்டாதீங்க, கீழ வர ஆட்டோ ஃபில்லே முடிவ சொல்லிடும்.

2011ல ப்ளூரே செட்டோட ஒரு தனி எபிசோட் விட்டாங்க, மதிய சாப்பாட்டு டப்பாவ பத்தி, ஜாலியான ஒண்ணு. 25வது முடிச்ச சூட்டோட அத போட்டா சப்புன்னு இருக்கும், ஒரு வாரம் விட்டு பாருங்க, அதுவும் சாப்பிட்டுட்டு.