நீலகிரியில் பைக்: ஊர்க்காரர்கள் முகம் சுளிக்காமல் ஓட்டுவது எப்படி

நீலகிரியில் பைக்குக்குக் கிடைக்கும் வரவேற்பு இடத்துக்கு இடம் மாறும். ஒரு டீக்கடையில் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்து "எங்கிருந்து வர்றீங்க தம்பி?" என்பார்கள். அடுத்த வளைவில் அரசு பஸ் டிரைவர் வழியே விடமாட்டார். இதில் உங்கள் முகராசிக்குப் பெரிய பங்கு இல்லை. மலையில் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. சாலையின் ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் பள்ளம். சத்தம் சுவரில் மோதித் திரும்பி, பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் இருக்கும் ஹட்டி, அதாவது படுகர் ஊர், வரை போகும். நீங்கள் வளைவைத் தாண்டி வருவதற்குள் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று அங்கே நிற்பவர்கள் முடிவு செய்திருப்பார்கள். அதனால் வேலையை சைலன்சரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சைலன்சரும் கார்புரேட்டரும்

கம்பெனி சைலன்சரோடு மலை ஏறுங்கள். 2005 முதல் இந்தியாவில் 80 முதல் 175 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 டெசிபல் என்று தயாரிப்பு நிலையிலேயே வரம்பு உண்டு. வெளியே வாங்கிப் பொருத்தும் சைலன்சரில் வாய்ப்பகுதிக்குள் சத்தத்தைக் குறைக்கும் ஒரு சிறு குழாய் இருக்கும். டிபி கில்லர் என்பார்கள். அதை ஒரே ஒரு ஆலன் போல்ட்தான் பிடித்திருக்கும். அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களால்தான் மற்ற எல்லா பைக்காரர்களுக்கும் கெட்ட பெயர். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி சத்த விதியை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் போகும்.

கம்பெனி சைலன்சர் போட்ட வண்டியும் இறக்கத்தில் "பட் பட்" என்று வெடிப்பதுண்டு. பெரும்பாலும் காரணம், இன்ஜின் ஹெட்டும், அதிலிருந்து சைலன்சருக்குப் போகும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் தேய்ந்து காற்று உள்ளே போவது. ஆக்ஸிலேட்டரை மூடியதும் எரியாமல் வெளியேறும் பெட்ரோல், அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே எரிகிறது. கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பைப் சூடாகும் முன் அந்த இணைப்பின் அருகே கையைத் தொடாமல் கொண்டுபோங்கள். பஃப் பஃப் என்று காற்று அடித்தாலோ, இணைப்பைச் சுற்றி கரி படிந்திருந்தாலோ கேஸ்கட் போய்விட்டது. பழையதைச் சுரண்டி முழுவதும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டு நட்டையும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து மறுபடி கசியும். ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் ஆறியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கும் வண்டிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது; காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. கலவையில் பெட்ரோல் மிகுந்து புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும், பின்னால் வருபவர் மூக்கைப் பொத்துவார். இந்தக் கலவையைச் சரி செய்ய கார்புரேட்டரில் இருக்கும் ஐடில் மிக்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. வெளியே திருப்பினால் கலவை மெலியும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருப்ப வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். திருப்பிய அளவைக் குறித்து வைத்து, மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். மெலிந்த கலவையோடு கீழே ஓட்டினால் இன்ஜின் சூடேறும். எஃப்ஐ (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டி காற்றழுத்தத்தைத் தானே பார்த்துச் சரி செய்துகொள்ளும், அதில் கை வைக்க வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸும்

மலையில் பைக்காரரைப் பற்றிய அபிப்பிராயம் பாதி பஸ் டிரைவர்கள் மூலமாகவே பரவுகிறது. அவர்கள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பஸ் தன் பாதையை விட்டு எதிர்ப்பக்கம் முழுவதும் விரிந்து திரும்பினால்தான் பின்சக்கரம் உள்மூலையில் ஏறாமல் வரும். அந்த நேரத்தில் உள்ளே தெரியும் இடைவெளி ஒரு பொறி. பஸ்ஸின் முன்பகுதி விலகிப் போனாலும் பின்சக்கரம் சுவரை ஒட்டி வந்து அந்த இடத்தை அடைத்துவிடும். அங்கே நுழைந்த பைக்குக்கு முன்னும் வழியில்லை, பின்னும் வழியில்லை. டிரைவர் ஏற்றத்தில், ஐம்பது பேரோடு, பிரேக் அடித்து மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். வளைவுக்கு 15, 20 மீட்டர் முன்பே மேலும் கீழும் பாருங்கள். மேலடுக்குச் சாலையில் பஸ் வருவது பல வளைவுகளில் கண்ணுக்கே தெரியும். ஹார்னை ஒரே முறை, சுருக்கமாக அடியுங்கள். பஸ் வந்தால் வளைவுக்கு வெளியிலேயே இடது ஓரம் நின்றுவிடுங்கள். வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். சக்கரத்தை ஓரக் கால்வாய் வரை கொண்டுபோகாதீர்கள், பாசியும் ஈர இலையும் வழுக்கும். பஸ் போனதும் உடனே கிளம்பாதீர்கள். அதை ஒட்டியே ஒரு காராவது வரும். டிரைவர் கை உயர்த்தினால் தலையசைத்துவிட்டுப் போங்கள். அதே டிரைவரை அதே பாதையில் மறுபடி பார்ப்பீர்கள்.

குறுகிய சரிவுச் சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை, இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். இது மலை மரியாதை மட்டுமல்ல, சாலை விதியிலும் இருக்கிறது. பைக்தானே, இடுக்கில் போய்விடலாம் என்று இறங்குபவர்கள்தான் எதிரே ஏறும் தேயிலை லாரியின் வேகத்தை உடைக்கிறார்கள். முழுச் சுமையோடு நின்ற லாரி மறுபடி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் உருளும். அதன் பின்னே நிற்பவர் திட்டுவது உங்களைத்தான்.

இறங்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜின் பிடியில் வாருங்கள், நியூட்ரலில் விடாதீர்கள். பின்னால் பெரிய வண்டி ஒட்டி வந்தால் பந்தயம் வேண்டாம். அகலமான இடம் பார்த்து இடது இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கி வழிவிடுங்கள்.

நான்கைந்து பேராகப் போனால் இரண்டிரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு கார் நுழையுமளவு இடம் விடுங்கள். பத்து பைக் ஒட்டி ஓடினால் உள்ளூர் ஜீப்காரர் முந்தவே முடியாது. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற மனிதர் அவர்.

விளக்கு

ஏப்ரல் 2017 முதல் வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். இன்றும் பெரியவர்கள் விரல்களை விரித்து மூடிக் காட்டி "லைட் எரியுது" என்பார்கள். அக்கறையில் சொல்வது. ஒரு தலையசைப்பு போதும், நின்று விளக்கம் வேண்டாம்.

உண்மையான எரிச்சல் கண் கூசுவதால் வருகிறது. பின்னால் ஆளும் பையும் ஏறினால் வண்டியின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கும். லோ பீமே எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். சுமை ஏற்றிய நிலையில், சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்தி இருவரும் உட்காருங்கள். லோ பீமின் மேல் விளிம்பு, ஹெட்லைட்டின் நடு உயரத்தைவிட 5 முதல் 7 சென்டிமீட்டர் தாழ விழ வேண்டும். மேலே போனால் முதலில் பின் ஷாக் அப்சார்பரை ஒரு நாட்ச் இறுக்குங்கள், பிறகு ஹெட்லைட் ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் உங்களுக்கே வெள்ளைச் சுவர்தான் தெரியும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டும் பழக்கத்தை விடுங்கள். வளைவில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

எதிரே வருபவர் சொல்வது

ஹெட்லைட்டை ஒருமுறை சிமிட்டினால் "நான் வருகிறேன், நில்" என்று பொருள். "நீ வா" என்று எடுத்துக்கொண்டு முன்னால் போகாதீர்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் வேகத்தைக் குறை: முன்னால் மண் சரிந்திருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம், போலீஸ் நிற்கலாம். முன்னே போகும் லாரியிலிருந்து கை வெளியே வந்து முன்பக்கம் அசைந்தால் முந்தலாம் என்று சைகை. அப்போதும் சாலை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும்.

"நிக்குது" என்று ஒரே சொல்லை யாராவது உரக்கச் சொன்னால் யானை அல்லது காட்டெருமை என்று கொள்ளுங்கள். பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம் யானை. குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் பகலிலேயே காட்டெருமை. அங்கேயே நில்லுங்கள், ஹார்ன் வேண்டாம், ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டாம். பஸ்ஸோ லாரியோ நின்றால் அதன் பின்னால் நில்லுங்கள். போட்டோவுக்காக முன்னே போகும் பைக்கைப் பார்த்து ஊர்க்காரர்கள் கத்துவதற்குக் காரணம் உண்டு. மிரண்ட யானை திரும்பினால் மாட்டுவது நடந்து போகிறவர்.

நடப்பவர்கள், குதிரைகள், ஊர்வலங்கள்

காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை வேலை விட்ட பிறகும் தோட்டச் சாலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நடப்பார்கள். தலையில் சுமை இருந்தால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. தூரத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, நடைவேகத்தில் விலகிப் போங்கள். மழைத் தேக்கத்தின் மேல் சக்கரம் ஓடி அவர்கள் சேலையில் சேறு தெறித்தால் நின்று மன்னிப்புக் கேளுங்கள். நிற்காமல் போன வண்டியின் நிறம் அந்தச் சாலையில் வெகுநாள் நினைவிருக்கும்.

உதகை படகு இல்லம், பைக்காரா பக்கம் வாடகைக் குதிரைகள் உண்டு. மேலே இருப்பது பெரும்பாலும் முதல்முறை ஏறிய சின்னக் குழந்தை. இரண்டு மீட்டராவது தள்ளி, ஹார்ன் இல்லாமல், கிளட்சைப் பிடித்துக் கடந்து போங்கள்.

டிசம்பர், ஜனவரியில் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் படுகர்கள் வெள்ளை உடையில், கையில் கோலோடு சாலையில் நடந்து வருவார்கள். பேரகணிப் பக்கம் கூட்டம் அதிகம் இருக்கும். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்து, அவர்கள் போனபின் கிளம்புங்கள். துக்க ஊர்வலத்துக்கும் இதே முறைதான். தோடர் மந்துக்கு (தோடர்களின் குடியிருப்பு) முன்னுள்ள புல்வெளியில் டயர் படக்கூடாது. சாலையில் வண்டியை நிறுத்தி, அங்கிருப்பவரைக் கேட்டுவிட்டு நடந்து போங்கள்.

நிறுத்தும்போதும் பேசும்போதும்

வழி கேட்குமுன் இன்ஜினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். வைசரைத் தூக்கினால் மட்டும் போதாது. கறுப்பு முகமூடியோடு நிற்கும் ஆளிடம் தோட்ட வாட்ச்மேன் பேசமாட்டார். "அண்ணா, இது எஸ்டேட் ரோடா, போகலாமா?" என்று கேட்டால் போகக்கூடாது என்றாலும் மாற்று வழி சொல்லுவார்.

செக்போஸ்ட்டில் இ-பாஸை, அதாவது ஆன்லைனில் எடுத்த அனுமதிச் சீட்டை, போனில் திறந்தே வைத்திருங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு அது தேவை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் பறிமுதல் ஆகும், ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க வெளியூர்ப் பதிவு வண்டிகளை விடுவதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகளும் கடும் இறக்கமும் விபத்துகளும்தான் காரணம். அங்கே நிற்கும் போலீஸ்காரரிடம் வாதாடாமல் கூடலூர் வழியாகப் போங்கள். தெப்பக்காடு தாண்டி பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தங்குமிடத்திலிருந்து விடியற்காலை கிளம்பினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் சோக் போட்டு ஒரு நிமிடம் ஐடிலில் விட்டால் போதும். முறுக்கிச் சூடேற்றத் தேவையில்லை. எண்ணெய் மேலேறும் முன் முறுக்கினால் இன்ஜினும்தான் தேயும்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடினால்

பெரிய பைக் நின்றால் "எவ்வளவு மைலேஜ்? என்ன விலை?" என்று கேள்வி வரும். உள்ள விலையைச் சொல்லுங்கள், யாரும் கண் வைக்கமாட்டார்கள். குழந்தைகள் ஏறிப் பார்க்க ஆசைப்படுவார்கள். சாவியைக் கையில் எடுத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இடது பக்கமாக மட்டும் ஏற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு சைலன்சர் வலப்பக்கம் இருக்கும், நின்றபின்னும் அரை மணி நேரம் வரை சுடும். சென்டர் ஸ்டாண்ட் இல்லையென்றால் நீங்களே ஹேண்டிலைப் பிடித்து நில்லுங்கள். சைடு ஸ்டாண்ட் போடுவதானால் மூக்கு ஏற்றத்தைப் பார்க்க, முதல் கியரில் நிறுத்துங்கள். ஈர மண்ணில் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் வையுங்கள். சாலையின் இடப்பக்கம் மேடாக இருந்தால் வண்டி நிமிர்ந்து வலப்பக்கம் விழும், வேறு இடம் பாருங்கள்.

யாருக்காவது கால் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். பேஸ்ட், காபித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, குன்னூர், கோத்தகிரி, உதகை எது பக்கமோ அந்த அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.