ஏரியில் விரால் தூண்டில்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் புதிதாகத் தொடங்குவோருக்கு

வெளிநாட்டுத் தூண்டில் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "பாஸ் மீன் நம் பக்கம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கும் இளைஞர்கள் இப்போது அதிகம். காணொளிகளில் வரும் அந்தப் பெரிய வாய் பாஸ் வட அமெரிக்காவுக்கு உரிய மீன். நம் ஏரிகளில் அதைத் தேட வேண்டியதில்லை. பாசிக்கும் தாமரை இலைக்கும் அடியில் அசையாமல் நின்று, மேலே போகும் தவளையை ஒரே பாய்ச்சலில் விழுங்கும் அதே குணம் நம் விராலுக்கு இருக்கிறது. அதனால்தான் பாஸுக்காக உருவான ரப்பர் தவளை என்னும் போலி இரை, விரால் உள்ள நம் ஏரிகளிலும் அப்படியே பயன்படுகிறது. என்னைக் கேட்டால், தூண்டில் பழகுவதற்கு இதைவிட நல்ல மீன் நம் மாவட்டங்களில் இல்லை.

முதல் வேலை அனுமதி பெறுவது. நம் ஏரிகள் பலவற்றில் மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், நடக்கிறது. ஏலம் எடுத்தவர் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, "அண்ணா, விராலுக்கு மட்டும் தூண்டில் போடுகிறேன், கட்லா, ரோகு மாட்டினால் விட்டுவிடுகிறேன்" என்று நேரடியாகக் கேளுங்கள். விரால் மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்னும் என்பதால், பெரும்பாலும் மறுக்க மாட்டார். அணைகளில் மீன்வளத்துறையின் அலுவலகத்தில் விசாரித்த பிறகே தூண்டில் போட வேண்டும். ஒகேனக்கல்லைச் சுற்றியுள்ள காட்டுப் பகுதியில் காவிரிக் கரையை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். இரு மாவட்டங்களின் காப்புக்காடுகளைச் சேர்த்து 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அணைக்குக் கீழே ஆற்றுக்குள் நின்று தூண்டில் போடுவது எந்தக் காலத்திலும் வேண்டாம். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஒரு மதகு உடைந்து தென்பெண்ணையில் தண்ணீர் பாய்ந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏரியிலும் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். கரையில் நின்றே விராலைப் பிடிக்கலாம் என்பதால், தண்ணீரில் இறங்கவே தேவையில்லை.

கருவிகளில் நிறையச் செலவு செய்ய வேண்டாம். ஏழடி நீளமுள்ள, நுனி சற்று விறைப்பான ஒரு ராடு (தூண்டில் கோல்), நரம்பைச் சுருட்டும் 3000 எண் ரீல், 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு (பல இழைகளைப் பின்னிய தூண்டில் கயிறு), இரண்டு ரப்பர் தவளைகள், ஒரு மூக்குக் குறடு ஆகியவை போதும். தங்கூசி என்னும் ஒற்றை இழை நைலான் நரம்பு வேண்டாமா என்று கேட்பார்கள். தங்கூசி ரப்பர் போல நீளும். மீன் பாசிக்குள் புகுந்துவிட்டால் அதை இழுத்து வெளியே கொண்டுவர நீளாத பின்னல் நரம்புதான் உதவும். ரப்பர் தவளையின் இரண்டு தூண்டில் முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால், இலைகளின் மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கடிக்கும்போது உடல் அமுங்கி முட்கள் வெளியே வரும். உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இந்த ரப்பர் தவளை இருக்கும்போது அந்தக் கொடுமைக்கு அவசியமே இல்லை.

முடிச்சை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். நரம்பை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடித்து, மடித்த நுனியைத் தவளையின் வளையத்துக்குள் நுழையுங்கள். வெளியே வந்த மடிப்பை இரட்டை நரம்போடு சேர்த்துத் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, அந்த மடிப்புக் கண்ணியை விரித்து, தவளை முழுவதையும் அதற்குள் கடத்துங்கள். பிறகு எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். இதைப் பலோமர் முடிச்சு என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை போட வரும்வரை பழகினால், ஏரிக்கரையில் விடியாத இருட்டிலும் கை தடுமாறாது.

இப்போது ஏரிக்குப் போகலாம். ஆனால் முதல் அரைமணி நேரம் ராடைத் தரையில் வைத்துவிட்டு, தண்ணீரை மட்டும் பாருங்கள். விரால் செவுளால் மட்டும் உயிர் வாழும் மீன் அல்ல. காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே தீர வேண்டும். விடியற்காலையில் கோரைப்புல் ஓரத்திலோ, ஆகாயத்தாமரைக் கூட்டத்தின் இடைவெளியிலோ "பொளக்" என்ற சத்தத்தோடு ஒரு சுழி எழுந்து அடங்கினால், அங்கே விரால் மூச்சு வாங்கியிருக்கிறது என்று பொருள். கெண்டை துள்ளினால் தண்ணீர் சிதறும். விரால் வந்துபோனால் எண்ணெய் ஊற்றியதுபோல ஒரு வட்டம் மட்டும் விரியும். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால், பாதி வேலை முடிந்தது. மார்கழி, தை மாதக் குளிரில், குறிப்பாக ஓசூர்ப் பக்கம், வெயில் ஏறித் தண்ணீர் சற்றே சூடான பிறகு போவது நல்லது.

அந்த வட்டத்தின் மேலேயே தவளையை எறியாதீர்கள், மிரண்டு ஓடிவிடும். அதற்கு அப்பால் பத்தடி தள்ளி விழும்படி எறிந்து, ராடின் நுனியைச் சிறிது சிறிதாகத் தட்டித் தவளையை நீந்த வையுங்கள். இலை விளிம்பை அடைந்ததும் நிறுத்திவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலான கடிகள் இந்த நிறுத்தத்தில்தான் விழும்.

இனிதான் புதியவர்கள் எல்லோரும் தவறும் இடம். தண்ணீர் வெடித்துத் தவளை மறைந்ததும் கை தானாகவே வெட்டி இழுக்கும். காவேரிப்பட்டினத்துக்கு அருகே ஒரு மாந்தோப்பை ஒட்டிய ஏரியில், ஒரே காலையில் இப்படி நான்கு விரால்களை இழந்திருக்கிறேன். நான்கு முறையும் தவளை பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. மீன் முதலில் கவ்வுகிறது. வாயை மூடிக்கொண்டு கீழே திரும்பும்போதுதான் தவளை அமுங்கி முள் வெளிப்படுகிறது. ஆகவே சத்தத்துக்கு இழுக்காதீர்கள். ராடைத் தாழ்த்தி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, நரம்பில் பாரம் ஏறுவதைக் கை உணர்ந்த பிறகே இரண்டு கைகளாலும் பலமாகத் தூக்கி இழுங்கள். பிடித்தபின் தளர விடாமல், மீனின் தலை மேலே இருக்கும்படி சுருட்டிக்கொண்டே வர வேண்டும்.

கரைக்கு வந்த மீனை ஈரக்கையால் பிடித்து, குறடால் முள்ளைக் கழற்றுங்கள். விராலுக்குப் பல் உண்டு, விரலை வாய்க்குள் விடக்கூடாது. ஓர் அடிக்குக் குறைந்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் மட்டும் ஏரியில் விடாதீர்கள். அது வளர்க்கத் தடை செய்யப்பட்ட அயல் மீன், நம் மீன்களை அழிப்பது.

மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் குங்குமம் கொட்டியதுபோல ஒரு செந்நிறக் கூட்டம் அசைந்து போவதைப் பார்ப்பீர்கள். அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நின்று, எது அருகே வந்தாலும் பாயும் என்பதால், அப்போது அவற்றைப் பிடிப்பது மிக எளிது. தயவு செய்து பிடிக்காதீர்கள். பெற்றவை போய்விட்டால் சிறிது நேரத்திலேயே மற்ற மீன்கள் அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் நான் நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரையின் மறுகோடிக்குப் போய்விடுவேன்.

வீடு திரும்பியதும் தவளைக்குள் புகுந்த தண்ணீரைப் பிதுக்கி எடுத்து நிழலில் உலர்த்துங்கள். முள்ளின் முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து லேசாக நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால், அடுத்த முறை கிளம்புவதற்கு முன் சிறிய அரத்தால் நாலு தேய்ப்புத் தேய்த்து வையுங்கள்.