ஃபுட்லூஸ் திரும்பப் பாக்கப் போறீங்களா, இப்படிப் பாருங்க

சின்ன வயசுல உயிரா இருந்த டான்ஸ் படத்த இப்ப மெட்ரோல போன்ல பாதி பாதியா பாத்துட்டு "அவ்ளோதானா இது"ன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு மனசே ஆற மாட்டேங்குது. போன மாசம் பெங்களூர் அல்சூர் வீட்ல நானும் அக்காவும் ஃபுட்லூஸ் போட்டோம், டான்ஸுக்குத் தடை போட்ட ஒரு ஊருக்கு வர்ற பையனப் பத்தின ஹாலிவுட் படம், அதுல கத்துக்கிட்டத சொல்றேன்.

மொதல்ல, அப்ப யாரோட பாத்தீங்களோ அவங்கள கூப்பிடுங்க. எங்களுக்கு அது வாடகை கேசட், படம் 1 மணி 47 நிமிஷம், அம்மா சோமேஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சாகணும், அக்கா ஜன்னல் கிட்ட நின்னுக்கிட்டேதான் பாதி படம் பாத்தா. அந்த நெனப்பெல்லாம் அவ பக்கத்துல உக்காந்தாதான் வருது. தேடும்போது 1984ன்னு பாத்து எடுங்க, 2011ல அதே பேர்ல திரும்ப எடுத்திருக்காங்க.

அடுத்தது சவுண்டு, இதுலதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. புளூடூத் ஸ்பீக்கர்ல போட்டா சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், பேச்சுல அது பெருசா தெரியாது, ஆனா டான்ஸ்ல கால் தரையில பட்டதுக்கு அப்புறம் டிரம் அடிச்சா உடம்புக்கு ஒட்டவே ஒட்டாது. வயர் போட்டு கனெக்ட் பண்ணுங்க, இல்லன்னா டிவி செட்டிங்ஸ்ல ஆடியோ டிலே இருந்தா சரி பண்ணுங்க. டெஸ்ட் பண்ண டைட்டிலே போதும், அதுல முழுக்க ஆடுற கால்கள்தான், ஷூவும் பீட்டும் ஒண்ணா விழுதான்னு பாருங்க. அப்படியே டிவி செட்டிங்ஸ்ல அசைவ மென்மையாக்குற மோஷன் ஸ்மூத்திங்க ஆஃப் பண்ணிடுங்க, அது இருந்தா சினிமா சீரியல் மாதிரி வழவழன்னு ஆயிடும்.

ஹீரோ கெவின் பேக்கன் தனியா கோடவுன்ல ஆடுற சீன் வந்தா பாஸ் போட்டு நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அவருக்குப் பதிலா ஆட ஒருத்தர், ஸ்டண்டுக்கு ஒருத்தர், ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ரெண்டு பேருன்னு டூப் இருந்தாங்க, மூஞ்சி தெரியாத ஷாட்டெல்லாம் உத்துப் பாருங்க. கேசட்ல பாஸ் போட்டா திரை முழுக்க கோடு கோடா ஓடும், இப்பதான் அக்கா ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சா, அதுக்கப்புறமும் எனக்கு அந்த சீன் கொஞ்சம்கூட கொறையல.

ஹீரோ தன் ஃப்ரெண்டு வில்லர்டுக்கு ஆடச் சொல்லிக் குடுக்குற இடத்துல எழுந்துருங்க, உக்காந்து பாக்காதீங்க. வில்லர்டா நடிச்ச கிறிஸ் பென்னுக்கு நெஜமாவே ஆடத் தெரியாது, அதனாலதான் அந்த சீனே அப்படி வந்துச்சு, அவரோட சேந்து தப்பு தப்பா ஆடலாம்.

வீட்டுப் பசங்க "ஊர்ல டான்ஸுக்கே தடையா, சும்மா கதை"ன்னு சொல்வாங்க. ஓக்லஹோமாவுல எல்மோர் சிட்டின்னு நெஜ ஊரு, அங்க ரொம்ப வருஷமா தடை இருந்துச்சு, 1980ல ஸ்கூல் பசங்க பர்மிஷன் வாங்கி ஆடினாங்க, படம் அதுலேந்துதான் வந்துச்சு. நம்ம பெங்களூர்லயே 2008 வாக்குல பப்ல ஆடக்கூடாதுன்னு போலீஸ் கெடுபிடி பண்ணல?

ஹீரோயினோட அப்பாவா வர்ற பாதிரியார் சீன ஓட்டிடாதீங்க, அப்பல்லாம் நாங்க ஓட்டிடுவோம். மகன் கார் ஆக்சிடெண்ட்ல போனதாலதான் அந்த மனுஷன் டான்ஸுக்குத் தடை போட்டு ஊரையே பூட்டி வெச்சிருக்காரு. அதுல நடிச்ச ஜான் லித்கோவுக்கு அப்ப நாப்பது கூட ஆகல, நாங்க ரெண்டு பேரும் இப்ப அவர விடப் பெரியவங்க, அவர் வெறும் சர்ச்ல நின்னு பேசிப் பாக்குற இடத்துல அக்கா என் கையப் பிடிச்சிக்கிட்டா.

கடைசி டான்ஸுக்கு சத்தம் கொறைக்கக் கூடாது, அதனால கீழ் வீட்டுக்கு மத்தியானமே சொல்லி வெச்சிடுங்க. நாங்க சொன்னோம், ஆன்ட்டி ஒரு டப்பா காங்கிரஸ் கடலையோட (நம்ம ஊரு மசாலா வேர்க்கடலை) ஏழு மணிக்கே மேல வந்துட்டாங்க.