தபுலா என்றால் மேசை இல்லை

‘பன்னிரண்டு மேசைச் சட்டம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். ரோமானியர்கள் வரிசையாக மேசை போட்டு உட்கார்ந்து சட்டம் எழுதினார்கள் போலிருக்கிறது என்று சிரித்துவிட்டேன். ஆனால் மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கி.மு. 451, 450 வாக்கில் தொகுத்து, பலகைகளில் எழுதி, ஊரே பார்க்கும்படி வைத்த சட்டம் அது. அந்தப் பலகைக்கு லத்தீனில் தபுலா என்று பெயர். அது ஆங்கிலத்தில் டேபிள் ஆனது, டேபிளைத் தமிழில் மேசையாக்கிவிட்டார்கள். ‘பன்னிரண்டு பலகைச் சட்டம்’ என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

செவ்வியல் லத்தீனில் மேசைக்குத் தனிச்சொல் உண்டு: மென்சா. சோறு வைப்பதும் அதில்தான், காசு மாற்றுபவர் கடை விரிப்பதும் அதில்தான். அந்த மென்சா போர்த்துகீசிய மொழியில் மேசா ஆகி, கப்பலேறி வந்து நம் மேசை ஆனது. ஆக, வீட்டில் அப்பா ‘மேசை மேல வை’ என்பதும் பிள்ளை ‘டேபிள்ல வச்சுட்டேன்’ என்பதும் ஒரே சாமானைத்தான் என்றாலும், சொல் இரண்டும் வெவ்வேறு லத்தீன் வீட்டுப் பிள்ளைகள்.

அகராதியில் தபுலாவுக்கு எதிரே போட்டிருக்கும் முதல் பொருளை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதுதான் இந்தச் சொல்லில் அடிக்கடி நடக்கும் தவறு. அடிப்படைப் பொருள் வெறும் மரப்பலகை. அதன்மேல் என்ன இருக்கிறதோ அதை வைத்துப் பெயர் மாறும். ஓவியம் தீட்டினால் படம், காய் நகர்த்தினால் ஆட்டப்பலகை, ஏலம் என்று எழுதினால் அறிவிப்பு, சொத்து யாருக்கு என்று எழுதினால் உயில். நமக்கு இது புதிதில்லை. கரும்பலகை, பெயர்ப்பலகை, சங்கப்பலகை என்று நாமும் ஒரே பலகையை எத்தனை வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்!

பன்மையில் தபுலே என்று வந்தால் கணக்கேடாகவோ ஆவணமாகவோ இருக்குமோ என்று முதலில் சந்தேகப்படுங்கள். ‘தபுலே நோவே’ என்ற தொடரை அப்படியே ‘புதுக்கணக்கு’ என்று பெயர்த்தால் சொல் சரி, பொருள் தலைகீழ். நம் கடைக்காரர் சித்திரை முதல் நாளில் மஞ்சள் தடவிப் புதுக்கணக்கு எழுதினாலும் பழைய பாக்கி பக்கம் மாறி வந்து உட்கார்ந்துகொள்ளும். ரோமில் புது ஏடு என்றால் பழைய கடனே தள்ளுபடி. கி.மு. 63இல் கட்டிலினா என்ற ரோமானிய அரசியல்வாதி கலகத்துக்கு ஆள் சேர்த்தபோது இந்த வாக்குறுதியைத்தான் கொடுத்தார். கடன் கொடுத்தவர்கள் ஏன் நடுங்கினார்கள் என்பது ‘புதுக்கணக்கு’ என்ற மங்கலச் சொல்லில் தெரியவே தெரியாது.

சில தபுலாவில் பலகையே கிடையாது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் ‘தபுலா பாய்ட்டிங்கெரியானா’ தோலில் வரைந்த ஒரு ரோமானியச் சாலை வரைபடத்தின் இடைக்காலப் படி. உயரம் 34 சென்டிமீட்டர்தான், நீளமோ ஏறக்குறைய 6.75 மீட்டர். அட்டவணை என்றோ பலகை என்றோ எழுதாமல், வரைபடம் என்றே எழுதுங்கள். அதன் கிழக்கு ஓரத்தில் சேரர் துறைமுகமான முசிறி இருக்கிறது, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் என்று அகநானூறு சொல்கிற அதே முசிறி.

சின்னப் பலகை தபெல்லா. கி.மு. 139இல் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ரகசிய வாக்கு வந்தபோது ரோமானியர்கள் அதில்தான் வாக்கை எழுதினார்கள். கையில் வைத்துப் பார்க்கும் டேப்லெட்டும் காய்ச்சலுக்கு விழுங்கும் டேப்லெட்டும் பிரெஞ்சு வழியாக வந்த சின்னப் பலகைகளே. டேப்லாய்டு என்ற பெயர் பத்திரிகைக்குத்தான் முதலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். 1884இல் ஒரு மருந்து நிறுவனம் தன் அழுத்திய மாத்திரைக்கு வைத்த வணிகப் பெயர் அது. சுருக்கமாக அடைத்துத் தரும் எதற்கும் அந்தப் பெயர் பரவி, கடைசியில் செய்தித்தாளிலும் ஒட்டிக்கொண்டது.

தபேலாவை மட்டும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். ஒலி ஒற்றுமையைப் பார்த்துச் சொந்தம் கொண்டாடுபவர்கள் உண்டு. அது மேளத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லான தப்ல் வழி வந்தது.

மிச்சமிருப்பது ‘தபுலா ராசா’. இதைத் ‘தபேலா ராசா’ என்று அடித்துக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த ராசாவுக்கு ரசமும் தெரியாது, அரியணையும் கிடையாது. சுரண்டப்பட்ட என்று பொருள். சுற்றிலும் விளிம்பு விட்டு, பலகையின் நடுவில் லேசாகக் குடைந்து மெழுகு பூசுவார்கள். எழுத்தாணியின் ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. கூர்முனையால் கீறி எழுதுவது, தட்டை முனையால் வழித்து அழிப்பது. நம் ஓலையில் கீறியதைத் திரும்ப அழிக்க வழியில்லை, அங்கே முடியும். ஆகவே தபுலா ராசா என்றால் எழுதப்படாத புதுப்பலகை இல்லை, எழுதி வழித்த பலகை. பிறக்கும்போது மனம் வெறுமையாக இருக்கும் என்பதற்குச் சொல்லும் இந்தத் தொடரை ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்கின் வாயில் திணிப்பதும் வழக்கமாகிவிட்டது. மனித அறிவு பற்றிய அவருடைய நூலின் புகழ்பெற்ற பத்தியில் அவர் சொல்வது ‘வெள்ளைத் தாள்’. ஒன்றும் எழுதாத பலகை என்ற உவமை அதற்கு வெகு முன்பே அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது.

வழித்துவிட்டால் சுத்தமாகப் போய்விடுமா என்றால், அதுவும் இல்லை. லண்டன் நகர மையத்தில் ஒரு கட்டட வேலைக்குத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட ரோமானியப் பலகைகள் சேற்றிலிருந்து கிடைத்தன. மெழுகு எப்போதோ போய்விட்டது. ஆனால் அழுத்தி எழுதியவர்களின் எழுத்தாணி மெழுகைத் தாண்டி மரத்தையும் கீறியிருந்தது. அந்தக் கீறல்களை வைத்தே படித்தார்கள். ஒன்றில் தேதியும் இருக்கிறது: கி.பி. 57, ஜனவரி 8. வாங்கிய சரக்குக்கு 105 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு) தர வேண்டும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த கடன் சீட்டு அது.