ஆசிரியர் பிள்ளையை மனதளவில் வதைத்தால்: பெற்றோர் சறுக்கும் இடங்கள்

"உன் மூஞ்சிக்குக் கணக்கு ஒரு கேடா?" இப்படி வகுப்பு முழுக்கக் கேட்க தினமும் திட்டு வாங்கும் பிள்ளை, ஒரு கட்டத்தில் வயிறு வலிக்கிறது என்று காலையில் எழவே மறுக்கும். காரணம் தெரிந்ததும் பெற்றோர் பலர் நேராகப் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போடுகிறார்கள். தலைமை ஆசிரியர், "நான் சொல்லி வைக்கிறேன்" என்பார். மூன்று மாதம் கழித்து அதே கதை தொடரும்போது, முதலில் புகார் செய்ததற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். "மனரீதியாகத் துன்புறுத்துகிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதி, எந்தப் பாடவேளை, ஆசிரியர் சொன்ன சொல் என்ன, யார் யார் உடனிருந்தார்கள் என்று எழுதுங்கள். நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். பிள்ளைக்குத் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால் மருத்துவரிடம் காட்டி, அந்தச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

"அடிக்கவில்லையே, சட்டத்தில் என்ன இருக்கிறது?" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறும் ஆசிரியர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். பள்ளி அசையவில்லை என்றால் அங்கேயே காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் என்று மேலே போகலாம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகியவற்றிலும் சொல்லலாம்.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதையே பிடித்துக்கொண்டு நிற்பது வீண். 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தேவையற்ற மனவேதனை உண்டாகும்படி கொடுமை செய்தால், பிரிவு 75-இன்படி 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். பலர் பிரிவு 82-ஐக் குறிப்பிடுகிறார்கள். அது குழந்தைகள் இல்லங்களில் தரும் உடல் தண்டனைக்கானது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள். ஒருமுறை கண்டித்ததை எல்லாம் குற்றமாக்கப் பார்த்தால் வழக்கு நிற்காது, உண்மையான குறையும் எடுபடாமல் போகும்.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. பாலியல் சீண்டல் என்றால் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம்தான்.

டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வாய் மூடிக்கொள்வது இன்னொரு தவறு. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16.

கோபத்தில் பிள்ளையைப் பேசவைத்து வீடியோ போடாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டமே பிரிவு 74-இல் தடுக்கிறது. அப்புறம், விசாரணை என்ற பெயரில் அந்த ஆசிரியர் எதிரிலேயே நிறுத்தி, "சொல்லு, என்ன சொன்னாங்க?" என்று கேட்கவும் விடாதீர்கள். பயந்த பிள்ளை "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும், அதையே எழுதி முடித்துவிடுவார்கள். தனி அறையில், நீங்கள் பக்கத்தில் இருக்க, ஒரே ஒரு முறை கேட்கட்டும்.